வேனில் வைத்த கம்ப்யூட்டர் அணைந்துபோவது ஏன்?

சரக்கு வேனிலேயே கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்து, சில்லறைக் கடை வாசலில் பில் போட்டுக் கொடுக்கும் மொத்த வியாபாரிகள் நம்மிடையே உண்டு. வசதியான ஏற்பாடுதான். ஆனால் பாதி பில்லில் கம்ப்யூட்டர் அணைந்தால், இறக்கிய சரக்கு ஒரு கணக்கு, பதிவான சரக்கு ஒரு கணக்கு என்றாகிவிடும். உடனே அதைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்புகிறோம். அங்கே நன்றாக ஓடுகிறது. வேனில் மாட்டினால் மீண்டும் அணைகிறது. அப்படியானால் கம்ப்யூட்டரில் செலவு செய்யும் முன், அதற்கு மின்சாரம் வரும் வழியைச் சோதிக்க வேண்டும்.

மூட்டையில் எடை குறைந்தால் லாரியில், கிடங்கில், கடையில் என இடத்துக்கு இடம் எடை போட்டுப் பார்ப்போம் அல்லவா? இங்கும் அதே முறைதான். தராசுக்குப் பதில் ஒரு மல்டிமீட்டர் போதும்.

முதல் சோதனை, பேட்டரி முனையில். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில், நல்ல 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வரை இருக்கும். எஞ்சின் ஓடியும் 12 வோல்ட் அளவிலேயே நின்றால், டைனமோவையும் பெல்ட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் சோதனை, கம்ப்யூட்டருக்குச் செல்லும் முனையில். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் கெட்ட இணைப்பும் நல்லதுபோல் காட்டும். பேட்டரி முனைக்கும் இதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு வழியில் உள்ளது.

மெல்லிய கம்பியே பலமுறை காரணம். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி போக 5 மீட்டர், வர 5 மீட்டர் ஓடினால், 10 ஆம்பியர் சுமையில் ஏறத்தாழ 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. கம்பியில் அந்த இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும்.

மூன்றாம் சோதனை, எந்தப் பக்கத்தில் இழப்பு என்று அறிய. சுமை ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும், மறுமுனையைக் கம்ப்யூட்டர் பக்கத்துப் பிளஸ்ஸிலும் வையுங்கள். காட்டும் எண்தான் அந்தப் பக்கத்து இழப்பு. மைனஸ் பக்கத்தையும் இப்படியே பாருங்கள். மைனஸ் பக்கம் அதிகமானால் எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்டோ துருவோ இருக்கலாம். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். பிளஸ் பக்கமானால் பியூஸ் ஹோல்டரையும் கம்பி முனைகளையும் பார்க்க வேண்டும்.

செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அணைகிறதா? அந்த நொடியில் வோல்ட் 10க்கும் கீழே இறங்கலாம். அந்த இறக்கத்தையும் தாங்கும் டி.சி. கன்வெர்ட்டர் வாங்குவதே வழி. பிரிண்டர் அடிக்கும்போது மட்டும் அணைந்தால் சுமை அதிகம் என்று பொருள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் பியூஸ் பல வண்டிகளில் 10 அல்லது 15 ஆம்பியர்தான். லேசர் பிரிண்டர் அதற்கு ஆகாது. தெர்மல் பிரிண்டர் போதும்.

கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டியவை:

பேட்டரி பிளஸ்ஸுக்கு அருகிலேயே, கம்பி தாங்கும் அளவுக்கு ஏற்ற பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் போனால் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. கம்பி உரசி பாடியில் பட்டால், பியூஸ் இல்லாத வண்டி தீப்பிடிக்கும். சரக்கும் அதோடு போகும்.

வேலை செய்யும் முன் பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள்.

12 வோல்ட் சாதனத்தை 24 வோல்ட் லாரியில் நேராக மாட்டாதீர்கள்.

இரவில் கம்ப்யூட்டரை அணைக்க மறக்காதீர்கள். 60 வாட் கம்ப்யூட்டர் மணிக்கு 5 ஆம்பியர்-மணி இழுக்கும். 40 ஆம்பியர்-மணி பேட்டரி விடியுமுன் தீர்ந்துவிடும்.

எல்லாம் சரியாக ஓடும் நாளில் இந்த அளவுகளை ஒரு சீட்டில் எழுதி வண்டியிலேயே ஒட்டி வையுங்கள். பின்னொரு நாள் கோளாறு வந்தால், எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.