நடிகர் கருத்துச் சொல்லலாமா?

கேள்வி: நடிகர்கள் நடிப்போடு நிறுத்திக்கொள்ளாமல், சமூகத்தைப் பற்றியும் பேச வேண்டுமா?

பதில்: பேசலாம். தொழிலின் வழியாகப் பேசினால் இன்னும் நல்லது. சார்லி சாப்ளின் அதைத்தான் செய்தார். 1931-ல் லண்டனில் காந்தியைச் சந்தித்தபோது, இயந்திரங்களை ஏன் எதிர்க்கிறீர்கள் என்று கேட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து 1936-ல் அவருடைய 'மாடர்ன் டைம்ஸ்' படம் வந்தது. நகரும் பட்டையில் வரும் திருகுகளை முடுக்கி முடுக்கி, வேலையை விட்டு நகர்ந்த பிறகும் அதில் அவர் நடித்த தொழிலாளியின் கைகள் துடித்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரத்தை மிச்சப்படுத்த ஊட்டிவிடும் இயந்திரம் பழுதாகி, அவன் முகத்திலேயே அடிக்கும். பேசும்படங்கள் கோலோச்சிய காலத்திலும் சாப்ளின் உடல்மொழியையே நம்பினார். அந்தப் படத்தில் முதலாளியின் அதட்டல்கூடத் தொழிற்சாலையில் உள்ள திரை வழியாகத்தான் கேட்கும்.

1940-ல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் ஹிட்லரைத் துணிந்து எதிர்த்தார். 1952-ல் லண்டனுக்குப் புறப்பட்டவருக்கு அமெரிக்கா திரும்பிவரும் அனுமதியை ரத்து செய்தது. கருத்துக்கு விலை உண்டு. அதைக் கொடுக்கத் தயாராக இருக்கும் நடிகர் பேசட்டும்; நாம் காது கொடுப்போம்.