காவிரிப் படுகையும் கடல்கோளும்

கடல்கோள் என்னும் செய்தி தமிழ் பயிலும் நமக்குப் புதியதன்று. பஃறுளியாறும் குமரிமலையும் கடலுள் மறைந்தனவெனச் சிலப்பதிகாரம் கூறும். அதனைப் படித்த நாம், தெற்கே ஒரு பெருங்கண்டம் அமிழ்ந்ததென்றே நம்பியிருந்தோம். கடலடிப் பாறைகள் கூறுவது யாதென ஈண்டு ஆராய்வாம்.

தஞ்சை, நாகை நிலத்தின் அடியிலும், இலங்கைக்கும் நமக்கும் இடைப்பட்ட கடலின் அடியிலும் பரந்து கிடப்பது காவிரிப் படுகை. ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா முதலியன ஒன்றாயிருந்த கோண்டுவானாப் பெருநிலத்தின் இப்பகுதி பிளவுறத் தொடங்கிற்று. இழுப்புண்ட நிலவோடு மெலிந்து வெடித்தது. சில பகுதிகள் இறங்கிப் பள்ளங்களாயின. சில மேடுகளாய் நின்றன. பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு, மண்டபம்–நெடுந்தீவு மேடு என்பன அவற்றுட் சில. அண்டார்க்டிகா நெடுந்தொலைவு அகன்றது. இலங்கைக்கும் நமக்கும் இடையிலோ பிளவு முற்றுப்பெறவில்லை. ஆதலின் இலங்கை நம் அருகிலேயே நின்றது.

முதலில் ஆறுகள் மணலையும் கல்லையும் பள்ளங்களிற் கொட்டின. பின்னர்க் கடல் புகுந்து களிமண்ணைப் படிவித்தது. அக்கடல் அரியலூர்வரை பரவியிருந்தமைக்கு அங்குக் கிடைக்கும் அம்மோனைட்டு முதலிய கடலுயிர்களின் கல்லுருக்களே சான்று. அதனை அடுத்த பெரம்பலூர்ப் பகுதியில், சாத்தனூரிலுள்ள கல்மரத்தை 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். கரையில் வளர்ந்த மரம் கடற்படிவிற் புதைந்து கல்லாயிற்று.

படிவின் பாரத்தாலும், அடியிலிருந்த வெப்பம் தணிந்தமையாலும் தளம் மேலும் தாழ்ந்தது. தாழத் தாழ வண்டல் நிரம்பிற்று. ஆழ்ந்த பள்ளங்களில் அதன் கனம் ஐந்து கிலோமீட்டருக்கும் மேலாகும். அதனுட் புதைந்த உயிர்ப்பொருளே நரிமணத்தில் எண்ணெயாய் வெளிப்பட்டது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பகுதியிலும் 2011-இல் எரிவாயு கண்டறியப்பட்டது.

ஆகவே, இங்கு நிகழ்ந்தது ஒரு கண்டம் அமிழ்ந்ததன்று. கோடிக்கணக்கான ஆண்டுகள் நீடித்த தாழ்தலும் நிரம்பலுமே. பிளவு தொடங்கிய அக்காலத்தில் மக்களும் இலர்.

எனின், கடல்கோள் வெறுங்கற்பனையோ? அன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்கு விரிகுடா அன்று நிலமாய் இருந்தது. பனி உருகியபோது கடல் அதனை மூடிற்று. அதனை மக்கள் கண்டிருத்தல் கூடும். புலவர் பாடியது அதனையே என்று நாம் துணியமாட்டோம்.

உண்மையை உரைத்தால் தமிழின் பெருமை குன்றுமோ என முதலில் அஞ்சினோம். குன்றாது, பொய்த்தாங்கலை வேண்டும் அளவிற்கு நம் மொழி மெலிந்ததன்று.