ஏழரைச் சனியும் எட்டுக் கோள்களும்



சென்ற வருடம் ஒருநாள் பிரட்டு முடிந்த கையோடு ஒரு அப்பாயி பேரனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பையன் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் தவறியிருந்தான். “ஐயா, இவனுக்கு ஏழரைச் சனி நடக்குது. இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி கெடக்கு. திரும்ப எழுதினாலும் ஏறாது. கொழும்புக்குக் கடைக்கு அனுப்பிடலாம்னு இருக்கோம். ஒரு நற்சாட்சி எழுதிக் குடுங்க” என்றார்.

நானும் கோவிலில் நவக்கிரகத்தைச் சுற்றிக் கும்பிடுகிறவன்தான். ஆனால் அந்த ஏழரை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று இவர்களுக்கு யாராவது சொன்னார்களா என்று யோசித்தேன். கடிதத்தை ஒரு கிழமை கழித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, பையனை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சனி சூரியனை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருடம் எடுக்கிறது. இராசி பன்னிரண்டு. வகுத்துப் பாருங்கள், ஒரு இராசியைக் கடக்கச் சுமார் இரண்டரை வருடம். மூன்று இராசிக்கு ஏழரை. வியாழன் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுப்பதால்தான் குருப்பெயர்ச்சி வருடா வருடம் வருகிறது. பூமிக்கு ஒரு வருடம். புதனுக்கு வெறும் 88 நாள். தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே நம்முடைய முன்னோர் வெறும் கண்ணால் பார்த்து இதைக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் அது பெரிய காரியம்தான்.

ஏன் ஒன்று ஓடுகிறது, ஒன்று ஊர்கிறது? எல்லாம் தூரம்தான். சூரியனுக்குக் கிட்டே இருப்பதைச் சூரியன் பலமாக இழுக்கிறது, அது வேகமாகச் சுற்றுகிறது. தூரத்தில் இருப்பதற்கு இழுப்பும் குறைவு, போகவேண்டிய பாதையும் நீளம்.

இந்தத் தூரத்தைக் காட்ட லயத்தையே எடுத்துக்கொண்டோம். ஒரு காம்பரா பத்து அடி அகலம் என்று வையுங்கள். லயத்தின் ஒரு கோடியில் ஒரு கொண்டைக்கடலையை வைத்து அதுதான் சூரியன் என்றேன். அங்கிருந்து மூன்றாவது அடியில் பூமி. அப்படியென்றால் புதன் ஒரு அடிக்குச் சற்று மேலே, வெள்ளி இரண்டு அடியில், செவ்வாய் நாலரை அடியில். நான்கும் முதல் காம்பராவின் பாதிக்குள்ளேயே அடங்கிவிடும். இவைதான் அகக்கோள்கள். அடுத்த வியாழனோ இரண்டாம் காம்பராவின் நடுவில், பதினைந்தரை அடியில். சனி மூன்றாம் காம்பராவின் கடைசியில். யுரேனஸ் ஆறாவதில். நெப்டியூன் ஒன்பதாம் காம்பரா முடிகிற சுவரில். இந்த நான்கும் புறக்கோள்கள். பையன் சுண்ணாம்புக் கட்டியால் இஸ்தோப்பு நெடுகக் கோடு போட்டான். இதே அளவில் பார்த்தால் வியாழன்கூடக் கடுகிலும் சின்னது, பூமி கண்ணுக்கே தெரியாத தூசி.

முதல் காம்பராவுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் சுவர் இருக்கிறதல்லவா? அதை ஒட்டி, உள்பக்கத்தில், கல்லும் பாறையுமாக இலட்சக்கணக்கான சிறுகோள்கள் சுற்றுகின்றன. அகக்கோளுக்கும் புறக்கோளுக்கும் நடுவில் போட்ட வேலி மாதிரி.

வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவை எல்லாம் கல், இரும்பு. கால் வைத்து நிற்கத் தரை உண்டு. அந்தப் பக்கம் இருப்பவற்றில் நிற்கத் தரையே கிடையாது. வியாழனும் சனியும் பெரும்பாலும் ஐதரசன், ஈலியம் என்ற மிக இலேசான வாயுக்கள். யுரேனஸ், நெப்டியூன் இரண்டிலும் வாயுவுக்குக் கீழே நீர், மெதேன், அமோனியா நிறைய. சனியைப் போடுகிற அளவுக்குப் பெரிய குளம் ஒன்று இருந்தால் சனி அதில் மிதக்கும், தண்ணீரை விட இலேசு! பூமியோ தண்ணீரை விட ஐந்தரை மடங்கு பாரம்.

இரத்தினபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே ஒரு பிழை விடலாம். மாணிக்கக் குழியில் மண்ணைக் கூடையில் போட்டு அலசினால் பாரமான கல் அடியில் தங்கும். அதுபோல் பாரமானவை சூரியன் பக்கம் விழுந்துவிட்டன என்று பையனும் சொன்னான். அப்படி அல்ல. காரணம் சூடு.

சுமார் 460 கோடி வருடங்களுக்கு முன்பு சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் ஒரு தட்டுப் போலச் சுழன்றுகொண்டிருந்தன. அடுப்புக்குப் பக்கத்தில் ஐஸ்கட்டியையும் ஆணியையும் வைத்தால் ஐஸ் போய்விடும், ஆணிதான் மிஞ்சும். அதுபோலச் சூரியனுக்கு அருகே கல்லும் இரும்பும் மட்டுமே திண்மமாக மிஞ்சின. அவை கொஞ்சம்தான் இருந்தன, அதனால் அங்கே உருவான கோள்களும் சிறியவை. சிறுகோள்கள் இருக்கிற இடத்தை அண்டி, நீரும் உறையக்கூடிய குளிர் தொடங்கியது. அதற்கு அப்பால் கல்லோடு பனிக்கட்டியும் சேர்ந்து பெரிய உருண்டைகள் திரண்டன. பெரிதாகப் பெரிதாக இழுப்புச் சக்தி கூடி, சுற்றியிருந்த வாயுவையும் வளைத்துப் பிடித்துக்கொண்டன. வியாழனின் குறுக்களவு பூமியைப் போல 11 மடங்கு ஆனது அப்படித்தான்.

நிலவுகளிலும் இதே கதைதான். அகக்கோள் நான்குக்கும் சேர்த்து மூன்றே நிலவு: நமக்கு ஒன்று, செவ்வாய்க்கு இரண்டு. சனிக்கு மட்டும் 2025 மார்ச் மாதக் கணக்குப்படி 274! வளையங்களும் புறக்கோள்கள் நான்குக்கும் உண்டு, அகக்கோள் ஒன்றுக்கும் இல்லை.

“சேர், போய்ப் பார்க்காமல் வளையம் இருக்குன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 1977 மார்ச் 10ஆம் திகதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க இருந்தது. பல நாட்டார் காத்திருந்து பார்த்தார்கள். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வுக்கூடத்திலும் ஜே. சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி என்ற இருவர் ஒரு மீற்றர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸ் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடி மங்கியது. புதிய நிலவு ஒன்று என்று அவர்கள் எழுதினார்கள். மற்ற இடங்களில் பார்த்தவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது அது நிலவல்ல, வளையம் என்று தெரிந்தது. முதலில் பிழையாக எண்ணினாலும் அவர்கள் கண்டது உண்மை. அதே காவலூரில் 1988இல் ஒரு சிறுகோளையும் கண்டுபிடித்து, கணித மேதை இராமானுஜனின் பெயரை வைத்திருக்கிறார்கள். அது சுற்றுவது நான் சொன்ன அந்தச் சுவரோரத்தில்தான்.

இதற்குள் அப்பாயி கொழுந்துக் கூடையோடு வந்து நின்று இஸ்தோப்புக் கோடுகளைப் பார்த்தார். “இதுல சனி எங்கடா?” என்றார். பையன் ஓடிப்போய்க் காட்டினான். “மூணாம் காம்பராவா? அது நம்ம வீடுல்ல!” என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவருந்தான். பிறகு, “அவ்வளவு தூரத்துல போற வாயு உருண்டைக்கு இவன் பேரு தெரியுமாக்கும்” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றுவதை அவர் விடவில்லை, விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால் நற்சாட்சிக் கடிதத்தை மறுபடி கேட்கவும் இல்லை. பரீட்சை விண்ணப்பத்தைத் தானே கொண்டுவந்து தந்தார்.

தை, மாசியில் நம் பக்கம் மழை குறைந்து வானம் தெளியும். அப்போது இரவில் மின்னாமல் நிலையாக ஒளிரும் ‘நட்சத்திரம்’ கண்ணில் பட்டால் அநேகமாக அது கோள். அது எது என்று பஞ்சாங்கத்தில் இராசியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். புதனையும் வெள்ளியையும் மட்டும் நடுச்சாமத்தில் உச்சி வானில் தேடவேண்டாம். சூரியனுக்கு நம்மைவிடக் கிட்டே இருப்பதால், மாலையிலோ விடியற்காலையிலோதான் அவை தென்படும்.