'மேக்' பாதியில் நிற்கிறதா?

பெருந்துறை கல்லூரி விடுதிகளில் பிள்ளைகள் வைத்திருக்கும் உபுண்டுவும் சரி, அரசு மடிக்கணினியில் வந்த பாஸ் லினக்ஸும் சரி, டெபியன் வழிவந்தவை. ஆகவே இரண்டிலும் மூலநிரலைத் தொகுக்கும்போது 'அது இல்லை, இது இல்லை' என்று நின்றால்:

1. முதல் பிழையை மட்டும் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

2. 'ஆப்ட் அப்டேட்' கொடுத்துவிட்டு 'பில்ட்-எசென்ஷியல்', 'பிகேஜி-கான்ஃபிக்' இரண்டையும் நிறுவுங்கள். ஜிசிசி, மேக் எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிடும்.

3. '.ஹெச்' கோப்பு இல்லை என்றால் '-டெவ்' என்று முடியும் பொதியைப் போடுங்கள், ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு 'லிப்எஸ்எஸ்எல்-டெவ்'. நூலகம் இருந்தாலும் தலைப்புக் கோப்புகள் தனிப் பொதியில்தான் வரும்.

4. பொதியின் பெயர் தெரியாவிட்டால் 'ஆப்ட்-ஃபைல்' நிறுவி, அதன் பட்டியலைப் புதுப்பித்துத் தேடுங்கள். எந்தக் கோப்பு எந்தப் பொதியில் என்று காட்டும்.

5. அந்த மென்பொருள் டெபியனிலேயே இருந்தால், ஆப்ட் மூலப் பட்டியலில் 'டெப்-எஸ்ஆர்சி' வரியை இயக்கி, பொதியின் பெயருடன் 'ஆப்ட் பில்ட்-டெப்' கொடுங்கள். தேவையானவை பெரும்பாலும் மொத்தமாக இறங்கிவிடும்.

6. சிமேக் என்றால் பழைய 'பில்ட்' கோப்புறையை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். சில சோதனைகளின் பழைய முடிவை அது நினைவில் வைத்திருக்கும்.

7. கண்ட தளத்தில் கிடைக்கும் '.டெப்' கோப்பைப் போடாதீர்கள். பதிப்பு முரண்பட்டால் மற்ற பொதிகளும் சிக்கிக்கொள்ளும்.