கற்றலும் சமூக மனமும்

தேர்வில் ஒரு மாணவர் குறைந்த மதிப்பெண் பெற்றால், வழக்கமாக இரண்டு காரணங்களையே சொல்கிறோம். அவருக்கு அறிவு போதவில்லை. அல்லது அவர் உழைக்கவில்லை. இரண்டுமே மாணவருக்குள் தேடப்படும் காரணங்கள். அவர் யாருடன் அமர்ந்திருந்தார், பிறர் தம்மை எவ்வாறு மதிப்பிடுவர் என எண்ணினார், அவ்வகுப்பறை தமக்கும் உரியது என நம்பினாரா என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. இவ்வினாக்களுக்குச் சோதனைகளின் வழியே விடை தேடுகிறது சமூக உளவியல்.

புதிர்த்தாளும் சாதிப்பெயரும்

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் ஆய்வாளர் இருவர் உத்தரப்பிரதேசத்தின் ஊரகப் பகுதியில் ஓர் ஆய்வை நடத்தினர். அது 2004ஆம் ஆண்டில் உலக வங்கியின் ஆய்வுத்தாளாக வெளிவந்தது. நடுநிலை வகுப்புகளில் பயிலும் சிறுவர்கள் 642 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுள் 321 பேர் சமூகப் படிநிலையில் மேலே வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஏனைய 321 பேர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள். (சிறுமியர் சேர்க்கப்படவில்லை என்பது இவ்வாய்வின் குறையே.) தாளில் வரையப்பட்ட சிக்கலான பாதைகளுக்கிடையே வெளியேறும் வழியைக் கண்டறிவதே அவர்களுக்குத் தரப்பட்ட வேலை. அதற்கு நூலறிவோ கணக்கறிவோ தேவையில்லை. சரியாக முடித்த புதிர்களுக்குப் பணம் உண்டு.

சாதி அறிவிக்கப்படாத குழுக்களில் இரு சாரார்க்கும் இடையே திறனில் வேறுபாடு காணப்படவில்லை. வேறு சில குழுக்களில், வேலை தொடங்குமுன் ஒவ்வொரு சிறுவனின் பெயர், ஊர், தந்தை பெயர், பாட்டனார் பெயர் ஆகியவற்றோடு சாதியும் அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. பின்னர் அதே புதிர்கள் தரப்பட்டன. ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அச்சிறுவர்களின் மூளையும் கைகளும் மாறிவிடவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: தாம் இன்னார் என்பது அந்த அறையில் உரக்கச் சொல்லப்பட்டுவிட்டது.

அச்சிறுவர்கள் மனம் தளர்ந்தது ஏன்? ஆய்வாளர்கள் மற்றொரு மாற்றத்தைச் செய்து பார்த்தனர். பரிசைத் தீர்மானிப்பதில் குலுக்கலுக்கும் ஓர் இடம் கொடுத்தனர். சாதி அறிவிக்கப்பட்ட போதிலும், இப்போது இடைவெளி மறைந்தது. குலுக்கல் சீட்டுக்குச் சாதி தெரியாது, மனிதருக்குத் தெரியும். நன்றாகச் செய்தாலும் நேர்மையாக மதிக்கப்படமாட்டோம் என்னும் ஐயமே அச்சிறுவர்களின் முயற்சியைத் தளர்த்தியது என்று ஆய்வாளர்கள் கருதினர். அந்த ஐயத்தைப் பத்து, பன்னிரண்டு வயதுக்குள் அவர்களுக்குக் கற்பித்தது எது என்பது நாம் ஒவ்வொருவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய வினா. உதவித்தொகைக்கான விவரம் திரட்டும்போது மாணவர்களைச் சாதிவாரியாக எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருப்பின், அதன் விலை என்ன என்பதை இச்சோதனை காட்டுகிறது. அவ்விவரத்தைத் தனியே கேட்டுப் பெறுவது அரிதான செயலன்று.

சிந்தனையில் ஏறும் சுமை

1995ஆம் ஆண்டு கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. கடினமான மொழித்திறன் வினாக்களை வெள்ளையின மாணவர்களுக்கும் கறுப்பின மாணவர்களுக்கும் கொடுத்தனர். ஒரு சாராரிடம் ‘இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு’ என்றனர். மற்றொரு சாராரிடம் அவ்வாறு கூறவில்லை. முன்னரே பெற்றிருந்த மதிப்பெண்களின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது, அறிவை அளக்கும் தேர்வு எனக் கூறப்பட்ட இடத்தில் மட்டும் கறுப்பின மாணவர்கள் பின்தங்கினர். தம் இனத்தின்மீது சுமத்தப்பட்ட இழிவான கருத்தைத் தாமே மெய்ப்பித்துவிடுவோமோ என்னும் அச்சம், வினாவில் செல்லவேண்டிய கவனத்தில் ஒரு பகுதியைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. இத்துறையின் பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் இவ்விளைவு சிறியதாகவே காணப்பட்டது. சிலவற்றில் காணப்படவே இல்லை. எனவே எல்லாத் தோல்விக்கும் இதுவே காரணம் என்று கொள்ளுதல் பொருந்தாது.

‘இங்கு எனக்கு இடமுண்டா?’

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவரே. முதல் தேர்வில் மதிப்பெண் குறைகிறது. பக்கத்தில் இருப்பவர் பேசாமல் எழுந்து செல்கிறார். பிறருக்குச் சிறு ஏமாற்றமாகக் கழிந்துபோகும் இவை, அவருக்கு ‘இது உனக்குரிய இடமன்று’ என்னும் தீர்ப்பாகக் கேட்கின்றன.

கிரகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு மாணவர்களை மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கச் செய்தனர். தொடக்கத்தில் அந்நியமாக உணர்வது எல்லாருக்கும் நேர்வது, காலப்போக்கில் அது குறையும் என்பதே அவற்றின் செய்தி. படித்தவர்கள் தம் அனுபவத்தையும் எழுதி, அடுத்து வரும் மாணவர்களுக்காகப் பேசிப் பதிவுசெய்தனர். அறிவுரை கேட்பவராக இராமல் அறிவுரை தருபவராக அவர்கள் ஆயினர் என்பதே இம்முறையின் நுட்பம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடந்த இப்பயிற்சிக்குப்பின் வந்த மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது.

இதனை மந்திரம் எனக் கருதிவிடக்கூடாது. உழைப்பால் அறிவு வளரும் என்னும் எண்ணத்தை ஊட்டும் குறும்பயிற்சி ஒன்று, அமெரிக்க ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 12,000 பேரிடம் சோதிக்கப்பட்டது. முடிவுகள் 2019இல் வெளிவந்தன. கற்றலில் பின்தங்கியவர்களுக்குப் பயன் கிடைத்தது, ஆயினும் சிறிதளவே. கடினமான வேலையைத் துணிந்து ஏற்கும் வழக்கம் உடன்பயிலும் மாணவரிடையே நிலவிய பள்ளிகளில் பயன் மிகுந்தது. விதை நல்லதாயினும் நிலம் ஒத்துழைக்க வேண்டும். ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் பசியோடு வரும் பிள்ளையிடத்திலும் மனப்பயிற்சி மட்டும் என் செய்யும்?

பாடத்தைப் பங்கிடுதல்

நிலத்தையே மாற்ற முனைந்த முயற்சி ஒன்றும் உண்டு. 1971ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், அதுவரை பிரிந்திருந்த வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒன்றாக அமர்த்தப்பட்டனர், பூசல்கள் எழுந்தன. முன்னர்க் கூறிய ஜோஷுவாவின் தந்தை எலியட் ஆரன்சன் அங்கு அழைக்கப்பட்டார். ஆசிரியரின் பாராட்டுக்காகப் பிள்ளைகள் ஓயாமல் போட்டியிடுவதை அவர் கண்டார். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களை அமைத்து, ஒரு பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார். தன் துண்டை ஒருவர் எடுத்துரைத்தால் மட்டுமே மற்றவர்கள் முழுப்பாடத்தையும் அறிய இயலும்.

ஒரு குழுவில், ஆங்கிலம் தடுமாறிய மெக்சிக வழிச் சிறுவன் தன் பகுதியைச் சொல்ல இயலாமல் திணறினான். மற்றவர்கள் எள்ளி நகைத்தனர். அவனைக் கேலி செய்வதால் அவன் அறிந்த பகுதி உங்களுக்குக் கிடைக்காது, சிறிது நேரத்தில் தேர்வு வரும் என்று அவர்களுக்கு நினைவூட்டப்பட்டது. நாள்கள் சில கடந்தன. கேலி நின்று, அவனிடமிருந்து செய்தியை வெளிக்கொணரும் வகையில் அவர்கள் வினாக்களைக் கேட்கத் தொடங்கினர். அவ்வினாக்களுக்கு விடை சொல்லச் சொல்ல, அவன் பேச்சில் தெளிவு வந்தது.