சோளகக் காற்றில் சைக்கிள் பயிற்சி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வைகாசி பிறந்தால் பூவரசங்குளத்துப் பக்கம் சோளகம் எழும்பிவிடும். புரட்டாதி வரை இலேசில் ஓயாது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டிலும் மேற்குச் சரிவுகளிலும் கொட்டிவிட்டு வருவதால், வன்னிக்கு வந்து சேர்வது காய்ந்த காற்றும் புழுதியும்தான். இந்த மாதங்களில் மன்னார் வீதியில் சைக்கிள் ஓட்டம் பழகும் பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பவை பல. சில வெறும் கணக்குப் பிழைகள். சில பிள்ளைகளின் முழங்காலைக் கெடுப்பவை. ஒன்றிரண்டு உயிருக்கே உலை வைப்பவை.

“போகேக்க காத்து மறிச்சா வரேக்க தள்ளிவிடும், கணக்குச் சரி.”

சரிவராது. காற்றில்லாத காலையில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஒரு பிள்ளை, 15 கிலோமீற்றர் போய்த் திரும்ப 90 நிமிடம் எடுக்கும். எதிர்காற்றில் வேகம் 15 ஆகக் குறைந்து, திரும்பும்போது 25 ஆகக் கூடியது என்று வைத்துக்கொள்வோம். போக 60 நிமிடம், வர 36 நிமிடம், மொத்தம் 96. இழந்த வேகமும் கிடைத்த வேகமும் ஒரே அளவு, ஆனாலும் 6 நிமிடம் போய்விட்டது. எதிர்காற்றில் கழியும் நேரம் எப்போதும் கூடுதல், பின்காற்றில் கழியும் நேரம் குறைவு என்பதுதான் காரணம். நேர் பக்கத்திலிருந்து அடிக்கும் காற்றும்கூட ஓட்டத்தை மெதுவாக்கும். உடலில் மோதும் காற்றின் மொத்த வேகத்தை அது கூட்டிவிடுகிறது. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது.

ஆகவே பங்குனியில் எடுத்த நேரத்தோடு ஆடியில் எடுத்த நேரத்தை ஒப்பிட்டு, “நீ பின்னுக்குப் போறாய்” என்று பிள்ளையைக் கடிவது அநியாயம். ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே வீதியில் ஓடியவர்களை மட்டும்தான் ஒப்பிடலாம். காற்றுக் காலத்தில் பயிற்சியின் அளவுகோல் வேகமல்ல, மூச்சு. ஓடியபடியே முழு வசனம் பேச முடிந்தால் அது இலேசான ஓட்டம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடும் ஓட்டம். கொப்பியில் கிலோமீற்றரை எழுதாமல் எவ்வளவு நேரம், எந்த மூச்சில் ஓடினோம் என்று எழுதப் பழகட்டும்.

“எதிர்காத்தில பாரமா உழக்கினாத்தான் கால் உரமேறும்.”

இதில் பாதி உண்மை இருக்கிறது. நெதர்லாந்தில் 2013 முதல் எதிர்காற்றுச் சைக்கிள் போட்டி என்றே ஒன்று நடக்கிறது. புயல் போலக் காற்றடிக்கும் நாளாகப் பார்த்து, சில நாள் முன்புதான் அறிவிப்பார்கள். கியர் இல்லாத சாதாரண நிமிர்ந்த சைக்கிளில், கடலை மறித்துக் கட்டிய அணைக்கு மேலால் 8.5 கிலோமீற்றர் உழக்க வேண்டும். அங்கேயும் இங்கேயும் நிலம் தட்டை. ஏற்றமில்லாத ஊரில் எதிர்காற்றுத்தான் ஏற்றம், விடாமல் காலுக்கு வேலை கொடுப்பது அது. அந்த மட்டில் அது பயிற்சிக்கு நல்லதே.

ஆனால் தசைக்குத் தெரிந்தது இரண்டுதான்: எவ்வளவு பாரம், எவ்வளவு நேரம். காற்றை எதிர்த்து வந்த பாரத்துக்குத் தனி வரம் கிடையாது. பாரக் கியரைப் போட்டு, நிமிடத்துக்கு 50 சுற்றுகூட வராமல் நெரித்து உழக்கினால் பழி முழங்கால் மூட்டில் விழும். வளரும் பிள்ளைக்கு அது இன்னும் கூடாது. கியர் சைக்கிள் என்றால் இலேசான கியருக்கு இறக்கி, 80 சுற்றுக்குக் குறையாமல் உழக்கட்டும். கியர் இல்லாத சைக்கிள் என்றால் வேகத்தை விட்டுக்கொடுக்கட்டும். வேகம் குறைவது தோல்வியல்ல.

மெலிந்தவனைக் காற்று பிடிக்காது என்பதும் பிழை. காற்றுத் தடையில் பெரும்பங்கு உடம்பினால்தான், அதிலும் உடம்பு இருக்கும் நிலையினால். நெஞ்சை நிமிர்த்தி இருக்கும் மெலிந்தவனைவிட, முழங்கையை மடித்துக் குனிந்து போகும் பருத்தவனுக்குக் காற்று குறைவாகவே பிடிக்கும்.

“காத்தடிச்சா வேர்க்காது, தண்ணி தேவையில்லை.”

வேர்க்கிறது; காய்ந்த காற்று அதை உடனே உறிஞ்சிவிடுவதால் தெரிவதில்லை. சட்டையில் உப்புப் படிந்திருப்பதைப் பார்த்தால் விளங்கும். பின்காற்றில் திரும்பும்போது இன்னொரு சிக்கல்: காற்று உங்களோடு சேர்ந்தே ஓடுவதால் உடம்பில் மோதுவது குறைந்து, சூடு சட்டென ஏறும். தாகம் எடுக்கும்வரை பாராமல் இடைக்கிடை குடிக்க வேண்டும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் நம்பிக்கைக்கு வருகிறேன். “பக்கக்காத்து ஒண்டும் செய்யாது” என்பது அது.

2015 மார்ச்சில் பெல்ஜியத்தில் நடந்த கென்ட்–வெவெல்கெம் ஓட்டத்தில், பக்கக்காற்று ஜெரெய்ன்ட் தோமஸை வீதியிலிருந்து தூக்கி ஓரத்துப் பள்ளத்தில் போட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2018இல், தூர் தெ பிரான்சை வென்றவர் அவர். அப்படிப்பட்டவரையே விழுத்திய காற்றுக்கு நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

வவுனியாவிலிருந்து பூவரசங்குளம் ஊடாகப் போகும் வீதி பெரும்பாலும் மேற்கு நோக்கியது. மன்னார்ப் பக்கம் போகையில் சோளகம் இடது முன்புறத்திலிருந்து அடிக்கும். நாம் வீதியின் இடது ஓரத்தில் போகிறவர்கள். காற்று நம்மைத் தள்ளுவது வீதியின் நடுவுக்கு, வாகனங்கள் வரும் பக்கத்துக்கு. வவுனியாப் பக்கம் திரும்புகையில் காற்று வலது பின்புறத்திலிருந்து வரும். அதைச் சமாளிக்கப் பிள்ளை தன்னையறியாமல் வலது பக்கம் சாய்ந்தே ஓடும். அந்த நேரம் ஒரு லொறியோ பஸ்ஸோ வலது பக்கத்தால் முந்தும்போது காற்றை ஒரு கணம் மறித்துவிடும். சாய்ந்திருக்கும் உடம்பு அப்படியே வாகனத்தின் பக்கம் இழுபடும். வாகனம் கடந்ததும் காற்று மறுபடி மோதி இடது பக்கம், கிரவல் ஓரத்துக்குத் தள்ளும். இந்த இரண்டு ஆட்டத்துக்கும் இடையில்தான் விபத்து இருக்கிறது.

பற்றைக்காடு முடிந்து வயல்வெளி தொடங்கும் இடங்களிலும் குளத்துக் கட்டுகளிலும் காற்று திடீரென அறையும். அங்கே வேகத்தைக் குறைத்து, முழங்கையைத் தளர்த்தி, இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடிக்க வேண்டும். விளிம்பை ஒட்டி ஓடாமல் ஒரு முழ இடமாவது விட்டு ஓட வேண்டும். ஹாண்டிலில் பை கொழுவக் கூடாது. முன்சில்லை ஆட்டுவதற்கு அந்த ஒரு பை போதும். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். எதிர்காற்றின் இரைச்சலில் பின்னால் வரும் வாகனம் ஏற்கெனவே பாதிதான் கேட்கும்.

லொறிக்கும் உழவு இயந்திரப் பெட்டிக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதைப் பிள்ளைகள் கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள். காற்று மறைவது உண்மைதான். பிறேக் பிடித்தால் விலக நேரமில்லை என்பதும் உண்மை. மறைவு வேண்டுமென்றால் கூட்டாளியின் பின்னால் போகலாம், உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சமாகும். ஒரு நிமிடத்துக்கு ஒருவர் என முன்னால் மாறி மாறி, ஒற்றை வரிசையில் போகட்டும். பக்கக்காற்றில் சாய்வாக அணிவகுப்பது வீதியை மூடிவிட்டு நடத்தும் போட்டிக்குத்தான் சரி.

புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை என்று வானொலியில் சொல்லும் காற்று வேகம் கடற்பரப்புக்கானது. மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளோடு 2020 டிசம்பரில் தம்பபவனி நிலையம் திறக்கப்பட்டது கரையோரக் காற்றை நம்பி. மரம் சூழ்ந்த உள்ளூரில் வேகம் அதைவிடக் குறைவு. அந்த எண்ணைக் கேட்டுப் பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை. வீதியோரத்து மரக்கொப்புகளைப் பாருங்கள். பெரிய கொப்புகளே ஆடினால் அன்று வீதி வேண்டாம்.

விளையாட்டு ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் கேட்பது இதுதான். வெயில் ஏறினால் காற்றும் ஏறும். ஆகவே வெளிச்சம் வந்ததும் பிள்ளைகளை இறக்குங்கள். சோளகக் காலத்தில் முதலில் மன்னார்ப் பக்கம் அனுப்புங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும்போது முதலில் வவுனியாப் பக்கம் அனுப்புங்கள். திரும்பி வந்ததும் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்காமல், மூச்சு எப்படி இருந்தது என்று கேளுங்கள்.