பேரிடர்க் காலத்தில் கூட்டாட்சி: அதிகாரமும் பொறுப்பும்

இந்திய அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, சட்டமியற்றும் அதிகாரத்தை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாக வகுத்துள்ளது. இவற்றுள் எதிலும் பேரிடர் என்பது தனிப் பொருளாகக் குறிக்கப்படவில்லை. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், நிலம், வேளாண்மை ஆகியவை மாநிலங்களைச் சேர்ந்தவை. தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் உள்ளது. மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்தல் மத்தியப் பட்டியலில் அடங்கும். புயலோ பூகம்பமோ கொள்ளைநோயோ வரும்போது இவை அனைத்தும் ஒரே நாளில் ஒன்றுகூடிவிடுகின்றன. அந்நாளில் முடிவெடுப்பவர் யார், செயற்படுபவர் யார், செலவை ஏற்பவர் யார் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடிய வரலாறே நமது பேரிடர்க் கொள்கையின் வரலாறாகும்.

நிவாரண நிதி வளர்ந்த விதம்

1880ஆம் ஆண்டின் பஞ்சக் கமிஷனுக்குப் பின்னர், மாகாணங்கள் தத்தமக்கெனப் பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகளை வகுத்துக்கொண்டன. பஞ்சத்தின் அறிகுறிகள் எவை, நிவாரண வேலைகளை எப்போது தொடங்குவது என்பனவற்றை அவை மாவட்ட அதிகாரிகளுக்கு முன்கூட்டியே வரையறுத்துக் கூறின. விடுதலைக்குப் பின்னரும் நிவாரணம் முதன்மையாக மாநிலத்தின் பொறுப்பாகவே நீடித்தது. இரண்டாவது நிதிக் கமிஷன் 1957இல், மாநிலங்களின் செலவுக் கணக்கிலேயே இதற்கென ஒரு தொகையை ஒதுக்க வழிசெய்தது. செலவு அத்தொகையை மிஞ்சினால் மாநில அரசு கோரிக்கை மனு அனுப்பும். மத்தியக் குழு வந்து பார்வையிடும். அதன்பின் உதவி கிட்டும்.

இம்முறையில் இரு குறைகள் இருந்தன. முதலாவது, காலதாமதம். இரண்டாவது, சேதத்தைக் கூட்டிச் சொல்வது மாநிலத்துக்கும், குறைத்து மதிப்பிடுவது மத்திய அரசுக்கும் ஆதாயமாக அமைந்தது. 1990-95 ஆண்டுகளுக்குப் பரிந்துரை வழங்கிய ஒன்பதாவது நிதிக் கமிஷன் இதனை மாற்றியது. ஒவ்வொரு மாநிலத்திலும் இயற்கைச் சீற்ற நிவாரண நிதியம் அமைந்தது. எல்லா மாநிலங்களுக்குமாக ஆண்டுக்கு ரூ. 804 கோடி என வகுக்கப்பட்ட அத்தொகையில் முக்கால் பங்கை மத்திய அரசும் கால் பங்கை மாநிலங்களும் ஏற்றன. இடர் வருமுன்னரே பணம் மாநிலத்தின் கையில் இருக்க வேண்டும் என்னும் கோட்பாடு இவ்வாறு வேரூன்றியது.

பதினைந்தாவது நிதிக் கமிஷன் இதனை மேலும் விரிவுபடுத்தியது. 2021-26 ஆண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியமாக ரூ. 1,60,153 கோடி பரிந்துரைக்கப்பட்டது. இதில் 80 சதவீதம் மீட்பு, நிவாரணம், மறுசீரமைப்பு, ஆயத்தம் ஆகியவற்றுக்கும், 20 சதவீதம் இடரின் கடுமையை முன்னதாகவே தணிக்கும் பணிகளுக்கும் ஒதுக்கப்பட்டது.

மாநிலங்கள் காட்டிய வழி

1999 அக்டோபர் 29இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் அம்மாநிலம் பேரிடருக்கெனத் தனி அமைப்பொன்றை நிறுவியது. கரையோரங்களில் புயல் காப்பகங்கள் எழுந்தன. எச்சரிக்கையைச் சிற்றூர் வரை கொண்டுசெல்லும் ஏற்பாடுகள் வலுப்பெற்றன. 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர். உயிரிழந்தோர் எண்ணிக்கை நூறுக்குள் அடங்கியது.

2001 சனவரி 26இல் நேர்ந்த பூகம்பத்துக்குப் பின் குஜராத்தும் தனி ஆணையம் அமைத்து, 2003இல் தனக்கெனச் சட்டமும் இயற்றியது. நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது 2005இல்தான். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் வந்த ஆழிப்பேரலை அதற்கான அவசரத்தை உணர்த்தியிருந்தது. கூட்டாட்சியின் சிறப்பு இங்கே தெளிவாகிறது. ஒரு மாநிலம் பட்டறிந்து கண்ட வழி, பின்னர் நாட்டின் பொதுவிதியாக மலர முடிகிறது.

சட்டமும் நடைமுறையும்

2005ஆம் ஆண்டுச் சட்டம் பிரதமர் தலைமையில் தேசிய ஆணையத்தையும், முதலமைச்சர் தலைமையில் மாநில ஆணையத்தையும், மாவட்டக் கலெக்டர் தலைமையில் மாவட்ட ஆணையத்தையும் ஏற்படுத்தியது. மாவட்டத்தில் உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத்தலைவராக இடம்பெறுகிறார். எனினும் சட்டம் எழுதப்படுவது வேறு, செயலுக்கு வருவது வேறு. சட்டம் கோரிய தேசியத் திட்டம் 2016இல்தான் வெளியாயிற்று. அவ்வாண்டு வறட்சி குறித்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இத்தாமதத்தைச் சுட்டிக்காட்ட நேர்ந்தது.

2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்று இச்சட்டத்துக்கு வந்த மிகப் பெரிய சோதனை. தொடக்கத்தில் மாநிலங்கள் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கையாண்டன. மார்ச் 24இல் மத்திய அரசு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாடு முழுவதற்கும் ஊரடங்கை ஆணையிட்டது. ஒரே ஆணையால் நாடு முழுவதும் ஒருசேர இயங்க முடிந்தது. ஆனால் வெளிமாநிலங்களில் உழைத்துவந்த கோடிக்கணக்கான தொழிலாளர்களின் நிலையை முன்கூட்டிக் கலந்தாய்ந்து வகுத்த ஏற்பாடு இல்லை. வேலையும் கூலியும் இழந்த பலர் கால்நடையாகவே ஊர் திரும்பினர். அவர்கள் பயணம் செய்ய ஏப்ரல் 29இல்தான் அனுமதி கிடைத்தது. சிறப்பு ரயில்கள் மே 1இல் புறப்பட்டன. அனுப்பும் மாநிலமும் ஏற்கும் மாநிலமும் இசைய வேண்டியிருந்ததால் மேலும் சிக்கல்கள் எழுந்தன. மாநிலங்களுக்கிடையிலான குடிபெயர்வு மத்தியப் பட்டியலில் இருந்தும், உணவும் உறைவிடமும் அளிக்கும் சுமை மாநிலங்கள் மேல் விழுந்தது.

நோயின் அளவைக் கொண்டு மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என வகைப்படுத்தும் பணியும் முதலில் மத்திய அரசிடமே இருந்தது. மே 18 முதல் அப்பொறுப்பு மாநிலங்களுக்கு வழங்கப்பட்டது. வகைப்படுத்துவதற்கான அளவுகோல்களை மத்திய சுகாதார அமைச்சகம் தந்தது. பொது அளவுகோலை மத்திய அரசு வகுப்பதும், களநிலை அறிந்த மாநிலம் அதனைப் பொருத்திப் பார்த்து முடிவெடுப்பதும் இயலக்கூடியவையே என்பதை இம்மாற்றம் காட்டியது.

செய்ய வேண்டுவன

பேரிடர் மேலாண்மையைப் பொதுப் பட்டியலில் தனிப் பொருளாகச் சேர்க்க வேண்டும் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷன் 2006இல் பரிந்துரைத்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டமே சமூகப் பாதுகாப்பு, வேலைவாய்ப்பு ஆகியவற்றைக் குறிக்கும் பதிவின் துணைகொண்டுதான் இயற்றப்பட்டது. ஆகவே இப்பரிந்துரையில் நியாயம் உண்டு. ஆயினும் பட்டியலில் ஒரு வரியைச் சேர்ப்பதால் மட்டும் பயன் விளைந்துவிடாது. பல மாநிலங்களைத் தொடும் முடிவுகளை மாநிலங்களைக் கலந்தே எடுக்கும் நிலையான முறை வேண்டும். குடிபெயர்ந்தோரின் பொறுப்பு யாருடையது என்பது இடர் வருமுன்னரே வரையறுக்கப்பட வேண்டும். மாநிலத்தில் சேரும் நிதி மாவட்டத்தையும் உள்ளாட்சியையும் தாமதமின்றி எட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மாநகரங்களுக்கெனத் தனி ஆணையங்கள் அமைக்க இடமளித்துள்ளது. அவற்றுக்கு அதிகாரத்தோடு நிதியும் ஆட்களும் கிடைத்தாலன்றி அவை பெயரளவிலேயே நின்றுவிடும்.

வெள்ளம் ஊருக்குள் நுழையும் முதல் சில மணி நேரத்தில் அங்கிருப்போர் கிராம அலுவலரும், உள்ளாட்சிப் பணியாளரும், அண்டைவீட்டாருமே ஆவர். மேலிடத்து ஆணைக்குக் காத்திராமல் அவர்கள் செயற்பட இயலுமா என்பதைக் கொண்டே எந்தப் பேரிடர்க் கொள்கையையும் மதிப்பிட வேண்டும்.